சிறையிலும் உடனிருந்த இறைவன்



இறைவன் துணையிருந்தால் எடுத்த காரியம் கைகூடும் என்று பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அப்படியானால், காரியம் கைகூடாத நாளில் இறைவன் நம்மை விட்டு அகன்றுவிட்டார் என்று கொள்ளலாமா? இக்கேள்விக்கு விடை தேடுவோர் ஆதியாகமத்தில் யோசேப்பின் வரலாற்றைப் படித்தல் நலம்.

யாக்கோபின் 12 புதல்வருள் 11-ஆம் மகன் யோசேப்பு. வரலாறு தொடங்கும்போது அவருக்கு வயது 17. தந்தை அவர்மீது வைத்த தனிப்பாசமே அண்ணன்மாரின் பொறாமைத் தீக்கு நெய்யாயிற்று. ஆடு மேய்க்கச் சென்றிருந்த அவர்களை நலம் விசாரிக்கத் தோத்தானுக்குப் போனவரை நீரற்ற குழியில் தள்ளினர். பின்பு 20 வெள்ளிக்காசுக்கு வணிகரிடம் விற்றனர். எகிப்து நாட்டில் மன்னரின் மெய்க்காவலர் தலைவரான போத்திபார் அவரை அடிமையாக வாங்கினார்.

39-ஆம் அதிகாரத்தை நிதானமாகப் படியுங்கள். ஆண்டவர் யோசேப்போடு இருந்தார் என்னும் செய்தி அந்த ஓர் அதிகாரத்தில் மட்டும் 4 முறை வருகிறது. 2, 3-ஆம் வசனங்களில் அவர் அடிமை. 21, 23-ஆம் வசனங்களில் அவர் கைதி. பின்னர் 41-ஆம் அதிகாரத்தில் அவர் மன்னரின் மோதிரம் அணிந்து, பொன்மாலை பூண்டு, தேரில் பவனி வருகிறார். அங்கே நூலாசிரியர் அச்செய்தியை மீண்டும் எழுதவில்லை. தேரில் வருபவரோடு இறைவன் இருக்கிறார் என்று உலகமே சொல்லிவிடும். விலங்கு பூட்டியவரைப் பற்றித்தான் அதை எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது!

இறைவனின் உடனிருப்பு யோசேப்புக்கு என்ன செய்தது? முதலாவது, இருந்த இடத்திலேயே கடமையைச் செவ்வனே செய்யும் திறனைத் தந்தது. போத்திபார் வீட்டுப் பொறுப்பு முழுவதையும் அவரிடம் ஒப்படைத்தார். சிறை அதிகாரியும் பிற கைதிகளை அவர் பொறுப்பில் விட்டார்.

இரண்டாவது, மனச்சான்றைக் காத்தது. தலைவரின் மனைவி தீய எண்ணத்தோடு அழைத்தபோது வீட்டில் வேறு எவரும் இல்லை. ஆயினும், இறைவனுக்கு எதிராக இப்பாவத்தைச் செய்ய மாட்டேன் என்று அவர் விலகி ஓடினார். அதற்குக் கிடைத்த பலன் பொய்ப்பழியும் சிறைவாசமும்தான்.

மூன்றாவது, பிறர் துயரைக் காணும் கண்களைத் தந்தது. சிறையில் ஒரு காலைப்பொழுது, அரண்மனைப் பணியாளர் இருவரின் முகம் வாடியிருக்கக் கண்டு, காரணம் என்ன என்று பரிவோடு கேட்டார். அவர்கள் கண்ட கனவுகளுக்கு விளக்கம் சொன்னார். அவர்களுள் விடுதலை பெற்ற பானபாத்திரக்காரர் அவரை மறந்தே போனார். 2 ஆண்டுகள் கழித்து மன்னர் பார்வோன் கனவு கண்டு கலங்கியபோதுதான் அவருக்கு யோசேப்பின் நினைவு வந்தது. சிறையில் கேட்ட அந்தச் சிறு கேள்வியே அரண்மனைக்கு வழியாயிற்று.

மன்னர் முன் நின்றபோது யோசேப்புக்கு வயது 30. விளக்கம் தருபவர் இறைவனே, நான் அல்ல என்றுதான் அவர் பேசத் தொடங்கினார். வளமான 7 ஆண்டுகளில் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேமிக்கச் செய்தார். பஞ்சத்தின் 7 ஆண்டுகளில் மக்கள் பசி தீர்த்தார். தம்மை விற்ற அண்ணன்மாருக்கும் அந்தக் களஞ்சியத்திலிருந்தே தானியம் கிடைத்தது. நீங்கள் தீமை நினைத்தீர்கள்; பலருடைய உயிரைக் காக்க இறைவன் அதை நன்மையாக மாற்றினார் என்று கூறி அவர்களைத் தேற்றினார். பழிவாங்கும் அதிகாரம் கையிலிருந்தும் மன்னித்தாரே, அதுவே அவருடைய மிகப் பெரிய வெற்றி!

எனவே மாணவியரே, தேர்வில் முதலிடம் பெறும் நாளில், இத்திறமை யார் தந்தது என்று யோசேப்பைப் போல் நினைத்துப் பாருங்கள். எதிர்பார்த்த மதிப்பெண் வராத நாளில் 39-ஆம் அதிகாரத்தைத் திறந்து படியுங்கள். கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, அன்றைய கடமையைச் செய்யுங்கள். அருகில் வாடிய முகத்தோடு ஒரு தோழி இருந்தால், என்னவென்று அன்போடு கேளுங்கள். யோசேப்போடு சிறையில் இருந்தவர் உங்களோடும் இருக்கிறார்.