வேலையை விட்டு ஊழியத்துக்கு வர நினைப்பவர்களுக்கு

ராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள இந்தக் கடலோரத்தில் எந்தப் பிழைப்பையும் நிரந்தரம் என்று நம்ப முடிந்ததில்லை. துறைமுகம் இல்லாத காலத்தில் அலையைத் தாண்டி ஆளையும் சரக்கையும் கரை சேர்த்தவர்கள் மசூலா படகோட்டிகள். துறைமுகம் வந்ததும் அந்தத் தொழில் போனது. 1983-ல் கன்டெய்னர் முனையம் வந்தது. மூட்டை தூக்கியவர்களின் வேலை சுருங்கியது. 2011-ல் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது உயர் நீதிமன்ற உத்தரவால் நின்று எண்ணூருக்கு மாறியது. 1970-ல் ஓடத் தொடங்கிய எண்ணூர் அனல் மின் நிலையம் 2017-ல் மூடப்பட்டது. 2023 டிசம்பர் மழை வெள்ளத்தோடு வந்த எண்ணெய், எண்ணூர் முகத்துவாரம் முழுக்கப் படிந்து, வலையும் படகும் பாழாகி, மீனவக் குடும்பங்கள் வீட்டில் உட்கார்ந்தன.

இப்படி ஒவ்வொரு முறை வேலை ஆட்டம் காணும்போதும் சபைகளில் ஒரு பேச்சு எழும்: “கர்த்தர் என்னை முழுநேர ஊழியத்துக்கு அழைக்கிறார்.” அதில் உண்மையான அழைப்பு உண்டு, அதை நான் மதிக்கிறேன். ஆனால் நான் பார்த்தவரை தடுமாறிப் போனவர்கள் விசுவாசம் குறைந்ததால் தடுமாறவில்லை. வரிசை மாறியதால் தடுமாறினார்கள். முதலில் ராஜினாமா, அப்புறம் ஜெபம், கடைசியில் கணக்கு. இதைத் தலைகீழாகத் திருப்பிப் போடுவதற்குத்தான் இந்தக் கட்டுரை.

ஜெபிக்க வேண்டும், வேதம் வாசிக்க வேண்டும், சபையோடு ஒட்டியிருக்க வேண்டும். இதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அதற்கு அடுத்த படியில்தான் சிக்கல்.

அழைப்பா, அலுப்பா?

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். ஊழியத்துக்குப் போக வேண்டும் என்ற எண்ணம் மனதில் பலமாக எழும்பும் நாளிலெல்லாம் நான்கு விஷயங்களை எழுதுங்கள்: தேதி, அன்று எந்த ஷிப்ட், உடம்பு எப்படி இருந்தது, வேலையிடத்தில் என்ன நடந்தது. விளக்கம் வேண்டாம், நான்கே வரி. ஆறு மாதம் கழித்துப் புரட்டுங்கள். சூப்பர்வைசரோடு சண்டை போட்ட நாளில், நைட் ஷிப்ட் வாரத்தில், விருப்ப ஓய்வு நோட்டீஸ் ஒட்டிய மறுநாளில் மட்டும் அந்த எண்ணம் வந்திருந்தால் உங்களுக்கு வேண்டியது ஓய்வு. வேலை நன்றாகப் போன நாளிலும், சம்பளம் உயர்ந்த மாதத்திலும், வீட்டில் எல்லோரும் சந்தோஷமாக இருந்த ஞாயிற்றுக்கிழமையிலும் அது விடாமல் வந்திருந்தால், அதை அசட்டை செய்யாதீர்கள்.

கூடவே சில விதிகள். நைட் ஷிப்ட் வாரத்தில் எந்தத் தீர்மானமும் எடுக்கக் கூடாது. கன்வென்ஷன் முடிந்த இரண்டு வாரத்துக்கும் கூடாது. வீட்டில் சாவு விழுந்தால் நாற்பது நாளாவது தள்ளிப்போட வேண்டும். இவை வேதத்தில் எழுதியிருக்கும் கட்டளைகள் அல்ல, என் கட்டளைகள். என்னிடம் ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டையை வைத்து வேலையை விடாதீர்கள். அந்த அட்டை வருடம் முழுவதும் உங்களைத் தாங்கட்டும், நல்லது. ஆனால் அதே வசனம் அச்சடித்த இன்னும் பல அட்டைகள் அதே பெட்டியில் இருந்தன என்பதை மறக்கக் கூடாது. “கிதியோன் தோல் போட்டுப் பார்க்கவில்லையா?” என்று கேட்பார்கள். நியாயாதிபதிகள் ஆறாம் அதிகாரத்தை நிதானமாக வாசியுங்கள். கர்த்தர் பேசிய பிறகும் பயம் தீராமல் அவன் கேட்ட அடையாளம் அது. பயந்தவனுக்கும் கர்த்தர் பொறுமையாகப் பதில் சொன்னார் என்பதே அதில் நமக்கு ஆறுதல்.

அடுத்து மூன்று பேரிடம் கேளுங்கள். ஒருவர், நீங்கள் வேலையை விட்டால் நேரடியாகக் கஷ்டப்படப் போகிறவர். பெரும்பாலும் மனைவி அல்லது கணவர். ஒருவர், விசுவாசத்தில் உங்களைவிட மூத்தவர். மூன்றாவது ஆளைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்: உங்களோடு வேலை செய்யும், கிறிஸ்தவர் அல்லாத ஒருவர். சபைக்குப் பொறுப்பேற்கிறவன் வெளியே இருக்கிறவர்களிடமும் நற்பெயர் பெற்றிருக்க வேண்டும் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதினார். நீங்கள் எத்தனை மணிக்கு வருகிறீர்கள், அடுத்தவன் வேலையைப் பங்கு போட்டுக்கொள்கிறீர்களா, கோபம் வந்தால் என்ன வார்த்தை பேசுகிறீர்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். “இவரா? இவர் போனால் எங்களுக்குத்தான் நஷ்டம்” என்று அவர் சொன்னால் அது பெரிய சாட்சி.

மனைவியிடம் கேட்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. “கர்த்தர் என்னோடு பேசிவிட்டார்” என்று தொடங்கினால் அந்த அம்மா அதற்குமேல் என்ன சொல்ல முடியும்? கர்த்தரையே எதிர்த்துப் பேசுவதுபோல் ஆகிவிடும். “எனக்கு இப்படி ஒரு எண்ணம் இருக்கிறது, உனக்கு என்ன தோன்றுகிறது?” என்று கேளுங்கள், கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். எனக்குத் தெரிந்த ஒரு சகோதரி கணவரிடம் சொன்ன பதில் இது: “ஊழியத்துக்கு நான் ஒத்துக்கிறேன். வாடகைக்கு என்ன பண்றதுன்னு நீங்க சொல்லுங்க.” அது அவிசுவாசம் இல்லை. கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பான் என்று லூக்கா 14-ல் ஆண்டவர் சொன்னதைத்தான் அந்தச் சகோதரி தம் பாஷையில் சொன்னார்.

கடைசிச் சோதனை, மைக் இல்லாத ஊழியம். ஆறு மாதம், வாரம் ஒரு நாள், ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் துணைக்கு ஆளில்லாத ஒரு நோயாளிக்கு உதவுங்கள். சீட்டு எழுதி வாங்கி, மருந்து வாங்கிக் கொடுத்து, ஸ்கேன் எடுக்கும் இடம்வரை வீல் சேர் தள்ளிக்கொண்டு போய், வரிசையில் நில்லுங்கள். அங்கே பிரசங்கம் வேண்டாம். யாரும் உங்களை ஐயா, பாஸ்டர் என்று கூப்பிட மாட்டார்கள். ஆறு மாதம் கழித்தும் போக ஆசை இருந்தால், உங்களுக்குள் இருப்பது மேடை ஆசை இல்லை என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

விடாமலே செய்ய முடியுமா?

இந்தக் கேள்வியைத் தாண்டாமல் யாரும் அடுத்த படிக்குப் போகக் கூடாது. சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட் வரிசையில் மணிக்கணக்கில் நிற்கும் டிரெய்லர் ஓட்டுநர் ஒருவரை எனக்குத் தெரியும். இருக்கைக்குப் பின்னால் ஜிப் கவர் போட்ட வேதாகமம், பக்கத்தில் குளுக்கோஸ் பிஸ்கட், தண்ணீர் கேன். வரிசை நகராத நேரத்தில் வேறு வண்டிக்காரர்கள் ஏறி வந்து, “அண்ணே, பொண்ணுக்கு ஜுரம் விடல, கொஞ்சம் ஜெபம் பண்ணுங்க” என்பார்கள். அவர்களில் பலர் கிறிஸ்தவர்கள் இல்லை. அவர் வேலையை விட்டால் அந்த வரிசைக்குள் ஏறிப்போக எந்த ஆயராலும் முடியாது.

இதைப் புரிந்துகொண்டு பிரான்சில் ஜாக் லோ என்ற டொமினிக்கன் குரு 1941-ல் மார்செய் துறைமுகத்தில் சரக்கு இறக்கும் தொழிலாளியாகவே சேர்ந்தார். அவர் வழியில் பல குருக்கள் ஆலைக்கும் துறைமுகத்துக்கும் போனார்கள். 1954-ல் வத்திக்கான் அதை நிறுத்தியது. 1965-ல் மறுபடி அனுமதித்தது. குருப்பட்டம் பெற்றவர்கள் துறைமுகக் கூலி வேலைக்கு ஏங்கியிருக்கிறார்கள். நாமோ அதே வேலையைத் தடை என்கிறோம். பவுல் கொரிந்துவில் கூடாரம் தைத்துக்கொண்டே பிரசங்கித்தார். ராயபுரம் புனித பேதுரு ஆலயம் 1829-ல் படகோட்டிகளின் உழைப்பில் எழுந்தது. துடுப்பைக் கீழே வைக்காமலே அவர்கள் கட்டினார்கள்.

கணக்கு

கடன் இருந்தால் வேலையை விடக் கூடாது. தண்டல், மீட்டர் வட்டி, நகைக் கடன் எல்லாம் அடைந்த பிறகுதான் ராஜினாமாப் பேச்சு. ஆறு மாத வீட்டுச் செலவு வங்கியில் தனியாக இருக்க வேண்டும்.

ஐந்து வருடம் தொடர்ந்து வேலை செய்திருந்தால் பணிக்கொடை உண்டு. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வேலை செய்த வருடங்களால் பெருக்குங்கள். 26,000 ரூபாய்க்கு 20 வருடம் என்றால் மூன்று லட்சம். பி.எஃப். ஓய்வூதியத்துக்குப் பத்து வருடச் சேவை வேண்டும். ஒன்பது வருடம் முடித்தவர்கள் தயவுசெய்து ஒரு வருடம் பொறுங்கள். முழு ஓய்வூதியம் 58 வயதில். 50-க்குப் பிறகு முன்கூட்டி வாங்கலாம், ஆனால் குறையும் ஒவ்வொரு வருடத்துக்கும் நான்கு சதவீதம் பிடிப்பார்கள். ஐந்து வருடமாவது இ.எஸ்.ஐ.யில் இருந்தவர் விருப்ப ஓய்வில் வந்தால், வருடத்துக்கு ஒரு சிறு தொகை கட்டி, தனக்கும் துணைக்கும் மருத்துவ வசதியைத் தொடரலாம். சும்மா ராஜினாமா எழுதிக் கொடுத்தால் அது கிடைக்காது. இது தெரியாமல் கையெழுத்துப் போட்டவர்கள் எத்தனையோ பேர்.

வந்த மொத்தப் பணத்தை ஹால் அட்வான்ஸுக்கும் சவுண்ட் செட்டுக்கும் போடாதீர்கள். இதில் எனக்குச் சமரசமே கிடையாது. அது உங்கள் பிள்ளைகளின் பணமும்தான்.

படிப்பும் அனுமதியும்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட டாஃப்டி நிறுவனம், வேலையில் இருந்துகொண்டே படிக்கும் இறையியல் பாடங்களைத் தமிழிலும் நடத்துகிறது. முதலில் அதில் சேருங்கள். வாரம் சில மணி நேரம் புத்தகத்தோடு உட்கார முடியாதவர் நான்கு வருடப் படிப்பைத் தாங்க மாட்டார். முழுநேரப் படிப்பென்றால் கீழ்ப்பாக்கத்தில் குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரி, மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரி. சி.எஸ்.ஐ. சபையில் ஆயராக விரும்பினால் முதலில் சேகரத்தின் பரிந்துரை, பிறகு பேராயத்தின் தேர்வு, அதன் பிறகே கல்லூரி. வயது வரம்பை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கத்தோலிக்க இளைஞர்கள் பங்குத்தந்தையிடமிருந்து தொடங்க வேண்டும்.

வேலை தானாகவே போய்விட்டால்

வேலை போனதே அழைப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கம்பெனி மூடியதற்குக் காரணம் கம்பெனியின் கணக்கு. கர்த்தர் அந்த இடைவெளியில் பேசலாம், பேசாமலும் இருக்கலாம். அதுவரை கிடைத்த வேலையைச் செய்யுங்கள். காலை ஷிப்டுக்கு எழுந்த நேரத்திலேயே எழுந்திருங்கள், குளியுங்கள், ஜெபியுங்கள், வெளியே போங்கள். பகல் தூக்கம் விசுவாசத்தை அரித்துவிடும்.

காசிமேட்டு விசைப்படகுத் தொழிலாளர்களுக்கு இந்த இடைவெளி வருடா வருடம் வருகிறது: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். வலை பின்னி, படகைப் பழுது பார்த்து, மாற்று வேலையும் பார்த்து அந்த நாட்களை ஓட்டத் தெரிந்தவர்களிடம் காத்திருப்பது எப்படி என்று போய்க் கேளுங்கள். பவுலுக்கே ஆசியாவும் பித்தினியாவும் அடைபட்டன. துரோவாவில் தங்கியிருந்த இரவில்தான் மக்கெதோனியா தெரிந்தது. அடைபட்ட இரண்டு வழிகளுக்கும் காரணம் அவருக்குச் சொல்லப்பட்டதாக அப்போஸ்தலர் 16-ல் இல்லை.

கடைசியாக வி. எஸ். அசரியாவின் கதை. ஒய்.எம்.சி.ஏ. செயலாளராக ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தபோதே 1903-ல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கக் காரணமானவர்களில் ஒருவர். 1905-ல் தேசிய மிஷனெரி சங்கத்திலும் அவர் பங்கு உண்டு. மற்றவர்களைப் போகச் சொன்னவர் 1909-ல் தாமே குருப்பட்டம் பெற்று, மொழி தெரியாத தோர்ணக்கல்லுக்குப் போய்த் தெலுங்கு கற்றார். 1912-ல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். 1909-ல் அவர் வேலையை விட்டபோது, போகப்போகும் வேலையைப் பல வருடமாகச் செய்துகொண்டுதான் இருந்தார்.

ராஜினாமாக் கடிதம் எழுதி வைத்திருந்தால் அதைக் கிழிக்க வேண்டாம், கொடுக்கவும் வேண்டாம். நோட்டின் கடைசிப் பக்கத்தில் வைத்துவிட்டு, இந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் உங்கள் ஆயரிடம் அரை மணி நேரம் கேளுங்கள். துணையையும் கூட்டிக்கொண்டு போங்கள்.