நம்பிக்கைகளும் உண்மைகளும்: எரியாத மரம், உளுக்காத மரம்

லார்ச் என்ற ஊசியிலை மரத்தைப் பற்றிய மிகப் பழைய தவறான செய்தி ஒரு கட்டடக்கலை மேதையிடமிருந்து வந்தது. ரோமானியரான விட்ருவியஸ், கி.மு. முதல் நூற்றாண்டின் கடைசியில் எழுதிய கட்டடக்கலை நூலின் இரண்டாம் பகுதியில் ஒரு முற்றுகையை விவரிக்கிறார். ஜூலியஸ் சீசர் ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் முகாமிட்டிருந்தார். படைக்கு உணவு தரச் சுற்று ஊர்கள் எல்லாம் இணங்க, லாரிக்னம் என்ற கோட்டை மட்டும் மறுத்தது. அதன் வாசலில் உத்திரங்களைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிய மரக்கோபுரம் ஒன்று நின்றது. மேலிருந்தவர்கள் கல்லும் கழியும் எறிந்து படையை நெருங்கவிடாமல் தடுத்தார்கள். கோபுரத்தைச் சுற்றிச் சுள்ளிக்கட்டுகளைக் குவித்துத் தீ வைக்கச் சொன்னார் சீசர். தழல் எழுந்து கோபுரத்தையே மறைத்தது. அடங்கியபின் பார்த்தால் கோபுரம் சேதமில்லாமல் நின்றதாம். ஊர் பணிந்த பிறகு இது என்ன மரம் என்று சீசர் விசாரிக்க, பக்கத்துக் காடுகளில் மண்டிக்கிடந்த லார்ச்சைக் காட்டினார்கள்.

விட்ருவியஸ் அதோடு விடவில்லை. இந்த மரம் தணலாகாது, கரியாகாது என்றார். நீரில் மிதக்காத அளவுக்குக் கனமானது என்றார். ரோமின் அடுக்குக் குடியிருப்புகளின் இறவாரங்களில் லார்ச் பலகை பதித்தால் தீ அடுத்த கட்டடத்துக்குத் தாவாது என்று பரிந்துரையும் செய்தார். அடுத்த நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் பிளினி அதையே வழிமொழிந்தார். இரண்டு பெரிய பெயர்கள் சொல்லிவிட்டதால், பல நூற்றாண்டுகளுக்கு எவரும் ஒரு சிராயைக் கொளுத்திப் பார்க்காமலேயே நம்பினார்கள்.

"லார்ச் எரியாது"

எரியும். பிசின் நிறைந்த மரம் என்பதால் வெடித்துப் பொறி பறக்க எரியும். ஆல்ப்ஸ் கிராமங்களில் இது அடுப்பு விறகு.

அப்படியானால் லாரிக்னம் கோபுரம்? சீசரின் போர்க்குறிப்புகளில் அந்த ஊர் வரவே இல்லை. அது இருந்த இடத்தையும் எவரும் உறுதியாகக் காட்டவில்லை. ஆனாலும் நிகழ்ச்சி முழுக்கக் கற்பனை என்று தள்ளவேண்டியதில்லை. பருத்த உத்திரத்தில் தீப்பிடித்தால் வெளிப்புறம் முதலில் கரியாகிறது. அந்தக் கரியே உள்ளே வெப்பம் புகாமல் தடுக்கும் போர்வையாகிறது. இன்றைய ஐரோப்பியக் கட்டுமான விதிகள், ஒட்டுமர உத்திரம் நிமிடத்துக்குச் சுமார் 0.65 மில்லிமீட்டர் ஆழத்துக்குக் கரியாகும் என்று கணக்கிடுகின்றன. சுள்ளித்தீ அரை மணி நேரம் எரிந்திருந்தால் இரண்டு சென்டிமீட்டர்தான் போயிருக்கும். அதிலும் புதிதாக வெட்டிய ஈர மரமாக இருந்தால் இன்னும் குறைவு. கோபுரம் நின்றதற்கு உத்திரத்தின் பருமனும் ஈரமும் போதுமான காரணங்கள். பைனிலோ ஸ்புரூஸிலோ அடுக்கியிருந்தாலும் நின்றிருக்கும். அந்தக் கணக்கில் லார்ச்சுக்கென்று தனிச் சலுகை எதுவும் கிடையாது.

பிளினியே தம்மை அறியாமல் ஒரு சான்று தந்திருக்கிறார். ரோமில் கடற்போர்க் காட்சிகள் நடந்த செயற்கைக் குளத்தின் பாலம் தீயில் அழிந்தபோது, அதைத் திரும்பக் கட்ட ஆல்ப்ஸின் ரேஷியா பகுதியிலிருந்து லார்ச் வெட்டிவரப் பேரரசர் டைபீரியஸ் ஆணையிட்டார் என்கிறார். அந்தத் தொகுதியில் 120 அடி நீளமும் ஒரே சீராக இரண்டடிப் பருமனும் கொண்ட உத்திரம் ஒன்று வந்தது. அதை ஓர் அதிசயமாக மக்கள் பார்வைக்கு வைத்தார்கள். லார்ச்சின் மெய்யான பெருமை இதில் தெரிகிறது: நேரான, நெடிய, வலுவான தடி.

உயிரோடு நிற்கும் மரத்தைப் பொறுத்தவரை, தீயைத் தாங்கும் என்ற பேச்சில் உண்மை உண்டு. வட அமெரிக்காவின் மேற்கு மலைகளில் வளரும் லார்ச்சுக்கு அடிமரத்துப் பட்டை பத்து சென்டிமீட்டருக்கு மேல் தடிக்கும். கீழ்க்கிளைகள் தாமாகவே உதிர்ந்துவிடுவதால் தரைத்தீ உச்சிக்கு ஏற ஏணி கிடைப்பதில்லை. இலைகள் கருகினாலும் நட்டமில்லை, ஆண்டுதோறும் புது இலை விடுகிற மரம். தீ ஓய்ந்த வெற்றுமண்ணில் முதலில் முளைப்பவற்றில் இதுவும் ஒன்று. காட்டில் மரம் காட்டும் இந்தத் திறமையை அறுத்த பலகையிடம் எதிர்பார்ப்பதுதான் பிழை.

பெயரைப் பற்றிய கதையும் இதே இடத்தில் பிறந்தது. கோட்டையின் பெயரால் மரம் அழைக்கப்பட்டது என்பது விட்ருவியஸ் தரும் விளக்கம். ஆனால் மரம் மலிந்த இடத்துக்கு மரத்தின் பெயர் வருவதுதான் உலக வழக்கம். லாரிக்ஸ் என்ற லத்தீன் சொல்லே ஆல்ப்ஸ் பகுதியின் பழைய மொழி ஒன்றிலிருந்து கடன் பெற்றதாக இருக்கலாம் என்பது மொழியறிஞர்கள் பலரின் கருத்து.

மிதக்காது என்பதும் தவறு. உலர்ந்த லார்ச் ஒரு கனமீட்டருக்குச் சுமார் 600 கிலோ, அதாவது நம் தேக்கைவிடச் சற்றே குறைவு. கடோரே மலைக்காடுகளில் வெட்டிய தடிகளைத் தெப்பமாகக் கட்டி, பியாவே ஆற்றின் வழியே வெனிஸுக்கு நூற்றாண்டுக்கணக்கில் மிதக்கவிட்டார்கள் தெப்பக்காரர்கள்.

"வெனிஸ் லார்ச்சின் மேல் நிற்கிறது, அது கல்லாகிவிட்டது"

சுற்றுலா வழிகாட்டிகள் விரும்பிச் சொல்லும் வாசகம் இது. வெனிஸ் நகரின் மாளிகைகளும் தேவாலயங்களும் சேற்றில் அடித்திறக்கிய மரமுளைகளின் மேல் நிற்பது உண்மை. 1631இல் தொடங்கிய சாந்தா மரியா தெல்லா சலூத்தே தேவாலயத்துக்கு மட்டும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட முளைகள் என்பது பழைய கணக்கு. அவை எல்லாம் லார்ச் என்பது உண்மையில்லை. ஓக், ஆல்டர், எல்ம், பைன் என்று கிடைத்த மரங்களோடு லார்ச்சும் கலந்திருக்கிறது.

முளைகள் கல்லாகவும் இல்லை. மரத்தை உளுக்கவைக்கும் பூஞ்சைக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். களிமண்ணுக்குள் காற்று இல்லை, ஆகவே பூஞ்சை இல்லை. காற்றில்லாமலே வாழும் பாக்டீரியா மட்டும் மிக மெதுவாக மரநாரைத் தின்கிறது. தின்ற இடத்தை நீர் நிரப்புவதாலும், நெருக்கமாக அடித்த முளைகளும் களிமண்ணும் சேர்ந்து சுமையைத் தாங்குவதாலும் கட்டடம் நிற்கிறது. தோண்டியெடுத்து உலரவிட்டால் அந்த மரம் சுருங்கி வெடிக்கும்.

மண்ணுக்குள் காற்றில்லாததே மரத்தைக் காக்கிறது என்பதற்குச் சான்று வெனிஸ் காயலில் எல்லோர் கண்முன்னும் நிற்கிறது. படகுத்தடத்தைக் காட்ட நட்டிருக்கும் கம்பங்கள் பெரும்பாலும் ஓக். அவை அலை ஏறி இறங்கும் மட்டத்தில் இற்றும், கப்பல்புழு குடைந்தும் போய்விடுவதால் சில ஆண்டுகளுக்கொருமுறை மாற்றுகிறார்கள். மண்ணுக்குள் நூற்றாண்டுகள் தாங்கும் ஓக், நனைந்து காயும் இடத்தில் தாங்குவதில்லை. மரத்தின் ஆயுளைத் தீர்மானிப்பது அதன் சாதி மட்டுமில்லை, அது நிற்கும் இடமும்தான்.

"லார்ச்சுக்கு எண்ணெயும் வேண்டாம், மருந்தும் வேண்டாம்"

இந்த நம்பிக்கைதான் இன்று வீடு கட்டுவோரின் பணத்தைத் தின்கிறது. ஆகவே இதை விரிவாகவே சொல்லவேண்டும்.

நம் தச்சர்கள் எந்த மரத்தையும் வைரம், வெள்ளை என்று பிரித்துப் பார்ப்பார்கள். லார்ச்சிலும் அப்படித்தான் பார்க்கவேண்டும். செம்பழுப்பு நிற வைரம் தாங்கும், வெளிறிய விளிம்பு தாங்காது. மண்ணில் நட்ட மரம் எவ்வளவு காலம் உளுக்காமல் நிற்கும் என்பதை வைத்து ஐரோப்பியத் தரநிர்ணயம் மரங்களை ஐந்து வகுப்பாகப் பிரிக்கிறது. நல்ல தேக்கின் வைரம் முதல் வகுப்பு. ஐரோப்பிய லார்ச்சின் வைரம் மூன்றுக்கும் நான்குக்கும் இடையே. ஸ்புரூஸைவிட மேல், ஓக்கைவிடக் கீழ். உயர்ந்த மலைச்சரிவில் மெதுவாக வளர்ந்து நெருக்கமான வளையங்கள் கொண்ட மரத்தில் வைரம் அதிகம். தோட்டத்தில் வேகமாக வளர்த்து இளமையில் வெட்டிய மரத்தில் வெள்ளை அதிகம். இரண்டும் ஒரே பெயரில்தான் விற்கும்.

சுவிட்சர்லாந்தின் வாலே மாநிலத்தில் பல நூற்றாண்டு கண்ட லார்ச் வீடுகளும் தானியக் களஞ்சியங்களும் இன்றும் நிற்கின்றனவே என்று கேட்கலாம். அவற்றைக் கட்டியவர்களின் அறிவைப் பாருங்கள். மரம் மண்ணைத் தொடாதபடி அடியில் கல். களஞ்சியமானால் எலி ஏறாதிருக்கக் கால்களுக்கு மேல் வட்டக் கற்பலகை. சுவரில் மழை வழியாதபடி நீண்ட இறவாரம். நனைந்தாலும் உடனே உலர்கிற மலைக்காற்று. அங்கே மரத்தைக் காப்பாற்றியதில் பாதிப்பங்கு தச்சருடையது.

அந்தச் சுவர்கள் கருத்திருப்பதைப் பார்த்துத் தீப்பட்டதாகவோ, சாம்பல் நிறத்தைப் பார்த்து உளுத்ததாகவோ நினைப்பவர்கள் உண்டு. வெயில் மரத்தின் மேற்பரப்பிலுள்ள லிக்னின் என்ற பொருளைச் சிதைக்கிறது. மழை படும் சுவரில் அது கழுவப்பட்டு வெள்ளிச் சாம்பல் நிறம் வருகிறது. மழை படாத வெயில் சுவர் ஆண்டுகள் ஏற ஏறக் கரும்பழுப்பாகிறது. இரண்டிலும் மாறியிருப்பது மேல்தோல் மட்டுமே. சாதாரண இரும்பு ஆணி அடித்தால் ஈரத்தில் ஆணியைச் சுற்றிக் கறுப்புக் கறை இறங்கும், அதற்குத் துருப்பிடிக்காத எஃகு ஆணிதான் சரி.

கப்பல் விஷயத்தில் மட்டும் லார்ச் தன் புகழைக் காப்பாற்றிக்கொண்டது. ஸ்காட்லாந்தில் அத்தோல் பிரபுக்கள் 1738இல் டங்கெல்டில் நட்ட கன்றுகளிலிருந்து தொடங்கி, தலைமுறைகளாக ஒரு கோடிக்கும் மேற்பட்ட லார்ச் மரங்களை நட்டார்கள். அந்த மரத்தில் கட்டிய 'அத்தோல்' போர்க்கப்பல் 1820இல் நீரில் இறங்கியது. ஒப்பிடுவதற்காக அதே ஆண்டு பால்டிக் ஊசியிலை மரத்தில் கட்டிய 'நீமென்' 1828இல் உடைக்கப்பட்டது. அத்தோல் 1863 வரை இருந்தது. ஒரு சோடிக் கப்பலை வைத்து எல்லாவற்றையும் நிறுவிவிட முடியாது என்றாலும் லார்ச்சின் பக்கம் நான் முதலில் வைக்கும் சான்று இதுதான். எட்டமுடியாத பாறைமுகட்டுக்கு அத்தோல் பிரபு ஒருவர் விதையைப் பீரங்கியில் வைத்துச் சுட்டு விதைத்தார் என்று ஒரு கதையும் உலவுகிறது. ஆனால் கோடிக் கன்றுகளை நட்டது கூலியாட்களின் கைகள்.

"ஊசியிலை மரமென்றால் எப்போதும் பச்சை"

லார்ச் ஊசியிலை மரம்தான், ஆனால் இலையுதிர்க்கும். சிறு குமிழ் போன்ற குறுந்தளிர்களில் இருபது முப்பதாகக் கொத்தாக நிற்கும் ஊசிகள் இலையுதிர்காலத்தில் பொன்மஞ்சளாகி உதிர்ந்துவிடும். இதை அறியாதவர்கள் காடே பட்டுப்போனதாகப் பதறுவதும், நல்ல மரத்தை வெட்டிவிடுவதும் வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நடப்பதுதான். சுவிட்சர்லாந்தின் எங்காடின் பள்ளத்தாக்கில் கோடையிலேயே மரங்கள் பழுப்பாவதுண்டு. எட்டு முதல் பத்து ஆண்டுகளுக்கொருமுறை பெருகும் லார்ச் மொட்டுப்புழுவின் வேலை அது. மரங்கள் மறுபடி தளிர்த்துவிடும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகளாக இந்தச் சுழற்சி நடந்திருப்பதை மரவளையங்களில் படித்திருக்கிறார்கள்.

இலையுதிர்ப்பதே இதன் பலம். வேர் உறைந்து நீர் ஏறாத குளிரில் இலைகள் இருந்தால் அவை வழியே மரம் உலர்ந்து சாகக்கூடும். அதனால்தான் உலகின் மிக வடக்கே உள்ள காடு லார்ச் காடாக இருக்கிறது. சைபீரியாவின் தைமீர் தீபகற்பத்தில் 72 பாகை வடக்கைத் தாண்டி, நிரந்தரமாக உறைந்த நிலத்தின் மேல் கோடையில் இளகும் மெல்லிய மண்ணில் ஆழமில்லாத வேரோடு அது நிற்கிறது. அல்தாய் மலைகளில் கி.மு. ஐந்து முதல் மூன்றாம் நூற்றாண்டு வரை பசிரிக் மக்கள் தம் தலைவர்களை லார்ச் தடியைக் குடைந்த பெட்டியில்தான் புதைத்தார்கள். 1993இல் உகோக் பீடபூமியில் எடுக்கப்பட்ட பெண்ணுடல் அப்படியொரு பெட்டியில் கிடந்தது. அந்த மரத்தை இவ்வளவு காலம் காத்ததும் பனிக்கட்டிதான்.

வயதைப் பற்றியும் ஒரு சொல். இத்தாலியின் தெற்குத் திரோலில் உல்டன் பள்ளத்தாக்கில் நிற்கும் மூன்று பெருமரங்களுக்கு இரண்டாயிரம் வயது என்று நெடுங்காலம் சொன்னார்கள். பின்வந்த ஆய்வுகள் சுமார் 850 என்கின்றன. எண் குறைந்ததால் அவற்றின் மதிப்பு குறைந்துவிடவில்லை. அதே சமயம், எதையும் தாங்கும் மரம் என்று அலட்சியமாக இருக்கவும் முடியாது. 2009இல் தென்மேற்கு இங்கிலாந்தில் ஜப்பான் லார்ச்சைத் தாக்கத் தொடங்கிய ஃபைடாப்தோரா ராமோரம் என்ற நுண்ணுயிரியால் பிரிட்டனில் காடுகாடாக வெட்டவேண்டி வந்தது. வயோதிக லார்ச்சில் வளரும் வெண்காளான் யுனானி மருத்துவத்தில் 'காரிகூன்' என்று பெயர் பெற்றது. பழைய காடுகள் குறையக் குறைய அதுவும் அரிதாகிவருகிறது.

"நம் நாட்டுத் தேவதாருவும் லார்ச்சும் ஒன்று"

இரண்டிலும் ஊசிகள் கொத்தாக வருவதால் வந்த குழப்பம். தேவதாரு குளிர்காலத்திலும் பச்சையாக நிற்கும், மேற்கு இமயத்துக்கு உரியது. லார்ச் இமயத்தின் கிழக்குப் பக்கம் நேபாளம், சிக்கிம், பூட்டான் சரிவுகளில் வளர்கிறது. இந்த இமய லார்ச்சின் அறிவியல் பெயரில் நிற்கும் வில்லியம் கிரிஃபித், கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக 1832இல் சென்னையில் வந்திறங்கி, பின்னர் பூட்டான் வரை போய்ச் செடிகொடிகளைத் திரட்டியவர்.

சிக்கிமின் லாச்சுங், லாச்சென் பக்கம் இலையுதிர்காலக் கடைசியில் போகிறவர்கள், பச்சைக் காட்டுக்கு நடுவே மஞ்சளாகவோ மொட்டையாகவோ நிற்கும் ஊசியிலை மரத்தைக் கண்டால் நோயென்று நினைக்கவேண்டாம். கிளையில் குமிழ் குமிழாகக் குறுந்தளிர்களும், நிமிர்ந்து நிற்கும் நீண்ட கூம்புகளும் இருந்தால் அது லார்ச். ஒடித்துப் பார்க்காதீர்கள், வசந்தத்தில் அதே குமிழ்களிலிருந்துதான் புது இலை வரும்.