உடைந்த வட்டுக்குப் பொறுப்பாளர் யார்?

அஞ்சல்வழி திரைப்பட வட்டுகளை வாடகைக்கு அனுப்பும் பணியை அமெரிக்காவில் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் 1998இல் தொடங்கி, 2023 செப்டம்பரில் நிறுத்தியது. சிவப்பு உறையில் டி.வி.டி. வரும், பார்த்தபின் அதே உறையிலேயே திருப்பி அனுப்புதல் வேண்டும். ஒரே வட்டு எண்ணற்ற இல்லங்களுக்குச் சென்று மீளும். அது கீறலுற்றோ விரிசலுற்றோ வந்தால் பழி யாரைச் சாரும்? நூலக நூலின் ஓரத்தை மடித்தவர் யாரென்றே கண்டறிய இயலாத நமக்கு இவ்வினாவின் கடினம் புரியும்.

முதலில் வட்டின் இயல்பை அறிதல் நலம். 120 மி.மீ. விட்டமுள்ள டி.வி.டி., 0.6 மி.மீ. தடிப்புள்ள இரு பாலிகார்பனேட் தகடுகளை ஒட்டி ஆக்கப்பட்டது. செய்தி பதிந்த படலம் அவற்றின் நடுவே உள்ளது. லேசர் கதிர் அப்படலத்தின்மீதே குவிவதால், மேற்பரப்பின் சிறு கீறல்கள் பெரிதும் இடையூறு செய்வதில்லை. இழந்த செய்தியைக் கணக்கிட்டு மீட்கும் பிழைதிருத்த முறையும் உண்டு. நடுவிலிருந்து விளிம்பு நோக்கிய கீறலைவிடச் சுற்றுப் பாதையை ஒட்டி நீளும் கீறலே கொடிது. துணியால் துடைப்பவர் வட்டமாகத் துடைக்கலாகாது என்பது இதனாற்றான். ஆனால் மையத் துளையருகே தோன்றும் மயிரிழை விரிசலுக்கு மருந்தில்லை. வட்டு சுழலச் சுழல அது நீளும்.

இனிப் பொறுப்பு. இரவல் பொருள் பெற்றவர் கையில் அமானிதமே, வரம்பு மீறாதவரை ஈடில்லை என்பர் ஹனஃபி அறிஞர். அனுமதித்த பயன்பாட்டில் தேய்ந்ததன்றி ஏனைய அழிவுக்கு ஈடுண்டு என்பர் ஷாஃபி அறிஞர். வாடகைப் பொருளிலோ இரு மத்ஹபினரும் ஒன்றுபடுகின்றனர்: அது அமானிதம், கவனக்குறைவோ அத்துமீறலோ இன்றேல் ஈடில்லை. அஞ்சல் வட்டு வாடகைப் பொருளே. நிறுவனத்தின் நடைமுறையும் இதற்கு ஒத்திருந்தது. உடைந்ததென அறிவித்தால் மாற்று வட்டு அனுப்பிற்று.

எனினும் சேதம் பல வேளை நடுவழியில் நேர்ந்தது. அஞ்சல் பிரிக்கும் எந்திரம் கடிதங்களைப் பட்டைகளுக்கிடையே இழுத்து, உருளைகளைச் சுற்றி வளைத்து விரைவாக ஓட்டும். தாள் வளையும், வட்டு விரியும். நெட்ஃபிளிக்ஸ் உறைகளோ எந்திரத்தில் சிக்கியும் வந்தன. அவற்றுள் 70 விழுக்காடு எந்திரத்துக்கு ஒவ்வாதவை என்றும், கையால் பிரித்ததில் ஈராண்டில் 4 கோடியே 19 லட்சம் டாலர் கூடுதல் செலவு என்றும் அஞ்சல் துறையின் தணிக்கையறிக்கை 2007இல் கூறியது. கைப்பிரிப்பு வட்டுக்கும் காப்பாயிற்று.

இங்குதான் நியாயப் பிரச்சினை எழுந்தது. கணினி விளையாட்டு வட்டுகளை வாடகைக்கு அனுப்பிய கேம்ஃபிளை நிறுவனத்திற்கு அத்தகைய கைப்பிரிப்பு கிடைக்கவில்லை. அது அட்டை செருகி, பெரிய உறைகளுக்குரிய வகையில், கடிதத்தைப்போல் இரு மடங்குக்கும் மேற்பட்ட கட்டணம் செலுத்தி அனுப்பிற்று. 2009இல் அஞ்சல் ஒழுங்காற்று ஆணையத்திடம் முறையிட்டது. பாரபட்சம் உண்மையே என 2011இல் ஒப்பிய ஆணையம் அரைகுறைத் தீர்வே தந்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2013 ஜனவரியில் அத்தீர்வை நீக்கி, பாரபட்சம் எஞ்சுவானேன் என விளக்கம் கேட்டது. அவ்வாண்டு ஜூனில் ஆணையம், கடிதமாகவோ பெரிய உறையாகவோ சென்று மீளும் டி.வி.டி. அஞ்சலுக்கு ஒரே கட்டணம் விதிக்க ஆணையிட்டது.