ஈர நெல்லின் கணக்கு

உணவுத் தொழில் என்றதும் நாம் லோனைப் பற்றித்தான் பேசுகிறோம். ஈரத்தைப் பற்றி யாரும் பேசுறதில்லை. எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். களத்திலேயே வியாபாரிக்கு நெல்லை அளந்துவிடும் அப்பாவுக்கும் இந்தக் கணக்கு வேணும், நாளை ரைஸ் மில் வைக்க நினைக்கும் எனக்கும் வேணும்.

20 சதவீத ஈரமுள்ள நெல் 100 கிலோ. 14 சதவீதத்துக்குக் காயவைத்தால் மிஞ்சுவது எவ்வளவு? சட்டென்று 94 என்று சொல்லத் தோன்றும். அதுதான் இல்லை! ஈரம் போக உள்ள 80 கிலோ மாறாது. காய்ந்த நெல்லில் அது 86 சதவீதம். 80-ஐ 0.86-ஆல் வகுத்தால் 93 கிலோதான். கிலோ 20 ரூபாய்க்கு வாங்கியிருந்தால் அடக்கவிலை 21 ரூபாய் 50 காசு, கூலி தனி. 100 குவிண்டால் வாங்குகிறவருக்கு ஏறக்குறைய ஒரு குவிண்டால் துண்டு விழும்.

இனி அப்பா பக்கம். அரசு கொள்முதலுக்குப் பொதுவான ஈர வரம்பு 17 சதவீதம். அதுவரை காயவைத்தால் 100 கிலோ 96 கிலோ சொச்சம் ஆகும். வியாபாரி களத்தில் 20 ரூபாய் தந்தால், காய்ந்த நெல்லுக்குக் கிலோவுக்கு 75 காசாவது கூடக் கிடைக்கணும். வண்டி வாடகை அதுக்கு மேலே. தை மாசம் வெயிலுக்குக் குறைவில்லை. காயப்போட இடம்தான் இல்லை, எங்க ஊர்ல ரோட்டில்தான் பரப்புகிறோம்.