சொந்தக்காரர் சொல்வதும் சந்தை சொல்வதும்

கேள்வி: ஜவ்வரிசியில் புதுவிதமான வடகம் செய்கிறேன். சாப்பிட்ட எல்லோரும் "சூப்பர்" என்கிறார்கள். நம்பி முதல் போடலாமா?
– வாசகி, ராசிபுரம்

பதில்: இப்போதைக்கு வேண்டாம், சகோதரி. இலவசமாகச் சாப்பிட்டவர் குறை சொல்லக் கூச்சப்படுவார்.

கோவை அருணாசலம் முருகானந்தம் மலிவு விலை நாப்கின் செய்தபோது, மருத்துவக் கல்லூரி மாணவிகளிடம் கொடுத்துக் கருத்துப் படிவமும் தந்தார். ஒருநாள் போய்ப் பார்த்தால், மூன்று பேர் மட்டும் உட்கார்ந்து எல்லோருக்குமாகப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தார்கள்! அதன்பிறகு படிவத்தை விட்டுவிட்டு, பயன்படுத்திய நாப்கினையே வாங்கி ஆராய்ந்தார். அந்தத் துணிச்சலை நான் மிகவும் மதிக்கிறேன்.

சேலத்தில் ஜவ்வரிசி உற்பத்தியாளர்களின் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வில் வியாபாரிகள் ஜவ்வரிசி மாதிரியைப் பார்த்து ரகசிய டெண்டரில் விலை எழுதுகிறார்கள். அந்த விலைதான் அவர்களின் கருத்து.

நீங்களும் உங்களைத் தெரியாத ஊரின் வாரச் சந்தையில் பத்து ரூபாய்ப் பொட்டலமாக விற்றுப் பாருங்கள். "நல்லா இருக்கா?" என்று கேட்காதீர்கள். "போன வாரம் வாங்கினதை எப்போ பொரிச்சீங்க, மிச்சம் இருக்கா?" என்று கேளுங்கள். திரும்ப வராதவர்களைத் தேடிப் பிடித்துப் பேசுங்கள். எண்ணெய் குடிக்கிறதா, உப்புக் கூடுதலா என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.