வீட்டுக் குவியலும் மனக் கலக்கமும்

வீட்டைத் துப்புரவாக வைத்திருக்க வேண்டும் என்பது நம் அன்னையர் அன்றே சொல்லித் தந்த பாடம். அதனை மீண்டும் ஓத நான் வரவில்லை. குவிந்து கிடக்கும் பொருள்களுக்கும் உள்ளத்தின் கலக்கத்துக்கும் உள்ள தொடர்பை விஞ்ஞானக் கண்கொண்டு காண்பதே என் நோக்கம்.

கண்முன்னே பல பொருள்கள் ஒருங்கே தோன்றும்போது, அவை மூளையின் பார்வைப் பகுதியில் ஒன்றோடொன்று போட்டியிடுகின்றன. வேண்டிய ஒன்றில் கவனம் நிற்க, ஏனையவற்றை மூளை அடக்கிக்கொண்டே இருக்க வேண்டும். நம் விடுதி மேசைகளை நினைத்துக்கொள்ளுங்கள்!

சாக்ஸ்பி, ரெபெட்டி என்னும் அமெரிக்க உளநூலார் இருவர் 2010-இல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில், கணவன் மனைவி இருவருமே வேலைக்குச் செல்லும் 30 குடும்பங்களை அவர்கள் எடுத்துக்கொண்டனர். ஒவ்வொருவரும் தம் வீட்டைச் சுற்றிக் காட்டிப் பேசினர். அப்பேச்சிலிருந்த சொற்கள் ஆராயப்பட்டன. உமிழ்நீரில் கார்டிசால் என்னும் ஹார்மோன் அளக்கப்பட்டது. அட்ரீனல் சுரப்பியில் ஊறும் இது காலையில் மிகுந்து, இரவு நெருங்க நெருங்கக் குறைவது இயல்பு. இரைந்து கிடக்கிறது, வேலை முடியவில்லை என்னும் பொருள்பட வீட்டை வருணித்த மனைவியரிடம் இந்த இறக்கம் மந்தமாக இருந்தது; பொழுது சாயச் சாய மனச்சோர்வும் மிகுந்தது. கணவரிடம் இத்தொடர்பு தெளிவாகத் தோன்றவில்லை. வீட்டின் ஒழுங்கு யார் தலையில் சுமத்தப்பட்டிருக்கிறது என்பது இதிலிருந்தே விளங்கவில்லையா? ஒன்று மட்டும் கருத்திற்கொள்க: அவர்கள் தொடர்பைக் கண்டனரேயன்றி, குவியல்தான் காரணம் என்று நிறுவினரல்லர்.

இனி, எல்லாப் பொருளும் கலக்கம் தருவதில்லை. டில்லியில் ஜூன் மாதத்து ரஜாயும் ஜனவரி மாதத்துக் கூலரும் இடத்தை அடைத்துக்கொண்டுதான் கிடக்கின்றன. அவற்றைக் கண்டு எவரும் வருந்துவதில்லை. அவை வேண்டப்படும் நாள் நமக்குத் தெரியும். பழுதான மிக்ஸி, எதற்கு உரியதென்றே தெரியாத சார்ஜர், பிரித்துப் பாராத காகிதக் கட்டு ஆகியவையே உறுத்துகின்றன. ஒவ்வொன்றும் நாம் ஒத்திவைத்த ஒரு முடிவு என்பது என் எண்ணம்.

நம்மவர் இல்லங்களில் இன்னொன்றும் உண்டு. ஊரைவிட்டு வந்தபோது கட்டிய கயிறு அவிழாத பெட்டி. “திரும்பிப் போகும்போது அப்படியே எடுத்துப் போகலாம்” என்பார்கள். அதைத் திறந்தால், திரும்பிப் போவோமா என்ற கேள்வியையும் கேட்டாக வேண்டும். ஆண்டுகள் பல ஆகியும் அது கட்டிலடியில் கிடப்பதன் காரணம் இதுவே.

ஆதலால் அம்மா கடைக்குப் போன நேரம் பார்த்துக் கபாடிவாலாவை அழைக்கும் வீரம் வேண்டா. பொருளுக்கு உரியவருடன் அமர்ந்து, ஒரு நாளைக்கு ஒரு பெட்டி என்று பிரித்தால் போதும். சான்றிதழ்களையும் ஓய்வூதியத் தாள்களையும் முதலிலேயே தனியே எடுத்து வைத்துவிட வேண்டும். எந்தப் பொருளையும் பிரிய முடியாமல் நடக்கவே இடமின்றித் தவிப்போர் இருப்பின், அது 2013 முதல் அமெரிக்க உளமருத்துவர் சங்கத்தின் பட்டியலில் தனி நோயாகவே இடம் பெற்றிருக்கிறது. அங்கே மருத்துவர் துணை வேண்டும்.

எங்கள் பெட்டியைச் சென்ற போகிக்கு முன் அம்மாவும் நானும் பிரித்தோம். இரண்டு மாலைகள் பிடித்தன. முறுக்கு உரல் சமையலறைக்குச் சென்றது. பழைய வாடகை ரசீதுகள் எடைக்குச் சென்றன. பாட்டியின் மூக்குக்கண்ணாடியை அம்மா வைத்துக்கொண்டார். அதற்கு இப்போது அலமாரியின் மேல்தட்டில் இடம் இருக்கிறது.