ஓட்டத்தை முடித்தவர்



அதிகாலையில் கல்லடிப் பாலத்தைக் கடந்து ஓடிப் பழகும் பிள்ளைகளைக் காண்கிறோம். அவர்களுட் சிலர் அரை மரதன் ஓட்டத்துக்கு ஆயத்தஞ் செய்கின்றனர். அதன் தூரம் 21 கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். கால்களின் பலம் மாத்திரம் அதற்குப் போதாது. நிதானமும் மனவுறுதியும் வேண்டும். இவை ஆன்ம வாழ்வுக்கும் தேவையானவை. ஆதலால் இவ்வாரம் இதனையே பாடமாகக் கொள்வோம்.

1. தொடக்கத்தில் நிதானம்

ஒரு கிலோமீற்றரை 7 நிமிடத்தில் ஓடக்கூடியவர் அதே வேகத்தைக் காத்தால், ஏறக்குறைய 2 மணி 28 நிமிடத்தில் ஓட்டத்தை முடிப்பார். அவரே கூட்டத்தின் ஆரவாரத்தில் மயங்கி முதலில் விரைந்தோடினால், தசைகளில் சேமித்த சர்க்கரைச் சத்து வேகமாகச் செலவாகிப் பின்பாதியில் தளர்ந்துபோவார். முதல் 5 கிலோமீற்றரைப் பக்கத்தில் வருபவரோடு பேசக்கூடிய வேகத்திலே ஓடுவது நல்லது.

ஆயித்தியமலை சதா சகாய அன்னையின் திருத்தலத்துக்குப் பாதயாத்திரை போனவர்களுக்கு இது புதிதன்று. விடியுமுன் முந்திப்போன வாலிபர் வெயில் ஏறியதும் மரநிழலில் அமர்ந்துவிடுவர். ஒரே சீராய் நடந்த வயது சென்ற தாய்மார் அவர்களைக் கடந்து போவர்.

2. நடுவழியில் மனவுறுதி

பாதி தூரம் கடந்தபின், "போதும், நில்" என்று மனம் சொல்லத் தொடங்கும். அப்போது மீதியுள்ள தூரம் முழுவதையும் எண்ணலாகாது. அடுத்த மின்கம்பம், அடுத்த சந்தி என்று சிறிது சிறிதாகக் குறித்து ஓட வேண்டும். செபமாலையும் அப்படித்தானே? ஒரே வேளையில் 53 மணிகளையும் நாம் உருட்டுவதில்லை. விரலில் இருக்கும் மணியைச் சொல்லி முடித்தே அடுத்ததைத் தொடுகிறோம்.

3. நிற்க வேண்டிய வேளை

வியர்வை காய்ந்தால்தான் உடல் குளிரும். வாவிக்கரையின் ஈரக் காற்றில் அது எளிதில் காயாது. ஆதலால் வெயிலுக்கு முன் ஓடுங்கள். தாகத்துக்குத் தண்ணீர் குடியுங்கள். தலைச்சுற்று, குளிர் நடுக்கம், நெஞ்சுவலி, பேச்சுத் தடுமாற்றம் கண்டால் உடனே நின்று உதவி கேளுங்கள். களைப்பைத் தாங்குவது உறுதி. ஆபத்தை மறைப்பது அகந்தை. உடல் இறைவன் தந்தது அன்றோ?

4. கடைசியாய் வந்த வீரர்

1964ஆம் ஆண்டு தோக்கியோ ஒலிம்பிக்கில், 10,000 மீற்றர் ஓட்டத்தில் நம் நாட்டின் இராணுவ வீரர் ரணதுங்க கருணானந்த 67ஆம் இலக்கத்தை அணிந்து ஓடினார். அமெரிக்கரான பில்லி மில்ஸ் 28 நிமிடம் 24.4 செக்கனில் வென்றார். மற்றவர்களும் ஓடி முடித்துவிட்டார்கள். கருணானந்தவுக்கோ இன்னும் சில சுற்றுகள் மீதமிருந்தன. அவர் தனியே ஓடினார். முதலில் ஏளனஞ் செய்த கூட்டம் பின்பு எழுந்து கரகோஷஞ் செய்தது. 29ஆவதாக, கடைசியாக, அவர் முடித்தார். ஜப்பானியர் அவர் கதையைத் தம் பிள்ளைகளின் பாடநூலிலே சேர்த்தனர்.

புனித சின்னப்பரும், திமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில், தாம் பிறரை முந்தியதாகச் சொல்லவில்லை. ஓட்டத்தை முடித்ததையும் விசுவாசத்தைக் காத்ததையுமே சொல்கிறார்.

பெற்றோரே, பிள்ளை வீடு திரும்பியதும் "எத்தனையாம் இடம்?" என்று கேட்பது நம் வழக்கம். சோதனை மறுமொழி வரும் நாளிலும் அதே கேள்விதான். பின்தங்கிய பிள்ளை இதனாலேயே ஓட்டத்தை விட்டுவிடுவதுண்டு. அடுத்த முறை, "முடித்தாயா, மகன்?" என்று கேட்டுப் பாருங்கள்.

குடும்பமாகச் சிந்திக்க: நம் வீட்டில் இன்று தனியே ஓடிக்கொண்டிருப்பவர் யார்? அவருக்காக நாம் எழுந்து நின்று கைதட்டினோமா?